ஆபீசர் வீட்டுக் குளிர்ச்செடி

"ஏங்க, செடிக்கு வேர்க்குது" என்று அருள்ராணிதான் முதலில் சொன்னாள்.

மரியசூசை சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடிவந்தான். குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஈரமணல்மேல், ஒரு மூங்கில் கூடைக்குள் அது உட்கார்ந்திருந்தது. பாசியும் நாருமாக ஒரு பிடி. அதன்மேல் நெல்லிக்காய் பருமனில் பச்சை உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையின் தலையிலும் இரண்டு நீள இலைகள். இலை நுனியில் உண்மையாகவே நீர் முத்துக் கட்டியிருந்தது.

"வேர்வை இல்ல. நீ தெளிச்ச தண்ணி."

"நான் தெளிக்கவே இல்ல. நீங்க தெளிச்சீங்களா?"

"இல்லியே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செடி யாரையும் பார்க்கவில்லை.

"இதப் பாத்தா வெங்காயம் மாதிரி இருக்கு" என்றாள் அருள்ராணி. "நட்டு வச்சா என்ன?"

"மண்ணுல வச்சாப் போயிருமாம்."

"மண்ணுல வச்சாச் செடி போயிருமா? அப்ப இது என்ன செடி?"

நயா பைசா புதிதாக வந்து, பஸ்ஸில் கண்டக்டரும் ஜனங்களும் தினம் சண்டை போட்டுக்கொண்டிருந்த கோடை அது. அன்னவாசல் பக்கத்துப் பாறைகள் எல்லாம் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வெயிலில், பஸ்ஸில், யார் மேலும் படாமல், ஒரு கைக்குழந்தையைப் போல அவன் இதை அணைத்துக்கொண்டு வந்திருந்தான்.

மரியசூசை புதுக்கோட்டையில் ஓர் அரசாங்க ஆபீசில் டெம்பரவரி குமாஸ்தா. டெம்பரவரி என்றால், அவ்வப்போது ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒருநாளில் அவன் யாருமே இல்லை. இப்படி யாருமில்லாமல் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. இந்தக் கோடையில் ஒரே ஓர் இடம் பெர்மனென்ட் ஆகப்போகிறது என்றும், அதற்கு யாரைப் போடுவது என்பது ஆபீசர் அருணகிரியின் கையில் இருக்கிறது என்றும் பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் ஆபீசர் அவனை வீட்டுக்கு வரச்சொன்னார்.

ஆபீசர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவருடைய ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து, ஆளேற்றிக்கொண்டு போய்விடும்.

"ஒங்க வீடு அன்னவாசல் பக்கம்தானே?"

"ஆமாங்கய்யா. எறங்கி ஒரு மைல் உள்ள போகணும்."

வெளியே ஒரு பஸ் போனது.

"தகரக் கூரையா?"

"ஓடுங்கய்யா."

"ஓ" என்றார். முகம் சற்று வாடியதுபோல் இருந்தது. "கிணத்துத் தண்ணி எப்படி?"

"சுத்த உப்புங்கய்யா. வாயில வைக்க முடியாது."

"அப்படியா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு கூடையைக் காட்டினார். அவர் மனைவியின் செடி. ஆர்க்கிட் என்று பெயர். கொடைக்கானலில் இருக்கும் அவள் அண்ணன் கொடுத்தது. ஆபீசரம்மா தன் மகளின் பிரசவத்துக்காக மெட்ராஸ் போயிருக்கிறாள். இவர் வெளியூர் காம்ப் போகவேண்டும்.

"நல்லாக் கேட்டுக்குங்க. சூடு பட்டா இது போயிரும். உப்புத் தண்ணி ஊத்தினாப் போயிரும். வேர் காஞ்சாப் போயிரும். வேர்ல தண்ணி தேங்கினாலும் போயிரும். காத்து இல்லாட்டிப் போயிரும். அனல் காத்து அடிச்சா ஒரே மத்தியானத்துல போயிரும்."

"எப்படி வச்சாங்கய்யா போகாது?"

ஆபீசர் ஜன்னல் வழியே வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை நான் யோசிச்சதில்லை" என்றார். "நீங்க இதை வச்சிருக்கிறது வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். அம்மா காதுக்குப் போனா சங்கடம்."

பியூன் அடைக்கலம்தான் கூடையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

இப்போது அது வேர்க்கிறது.

"தண்ணி குடுத்துப் பாப்போம்" என்றாள் அருள்ராணி.

"உப்புத் தண்ணி ஆகாது. குடிதண்ணியும் லேசாக் கரிக்குது. மழைத் தண்ணி வேணும்."

"மழைக்கு எங்க போறது? ஐப்பசியில வாங்க."

யோசித்துப் பார்த்ததில், வானத்திலிருந்து வராவிட்டாலும் உயரத்திலிருந்து வருகிற நல்ல தண்ணீர் இளநீர் ஒன்றுதான் என்று மரியசூசைக்குப் பட்டது. ஓர் இளநீரை வெட்டி, பாதியைச் செடிக்கும் பாதியைத் தன் கவலைக்கும் ஊற்றினான். மறுநாள் காலையில் கூடையைச் சுற்றி எறும்பு சாரைகட்டி ஏறிக்கொண்டிருந்தது. சில எறும்புகள் முட்டையோடு வந்திருந்தன. தங்கவே வந்துவிட்டன.

எறும்புக்காகக் கூடையைக் கட்டில்மேல் தூக்கி வைத்து, கட்டில் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள். கட்டில் இருந்த அறையில் மேற்கு வெயில் நேராக வந்து விழுந்தது. ஜன்னலுக்குக் கோணியை நனைத்துக் கட்டினார்கள். கோணி அரைமணியில் காய்ந்து, அனலைத் தடுக்காமல் புழுதியைக் கொட்டியது. கோணியை அவிழ்த்துவிட்டு ஜன்னலிலும் கதவிலும் வேப்பங்குழையைக் கொத்துக் கொத்தாகச் செருகினான். வேம்பு குளிர்ச்சி. செடிமேல் நேராகக் காற்றுப்படாமல் ஒரு வெள்ளை வேட்டியை நனைத்துப் பந்தல்போலப் போர்த்தினான். பக்கத்தில் உட்கார்ந்து அருள்ராணி விசிறினாள்.

"எங்க அம்மாவுக்குக் கூட நான் இப்படிச் செஞ்சதில்ல" என்றாள்.

"ஒங்க அம்மா எனக்குப் பெர்மனென்ட் போட்டுத் தருவாங்களா? வீசு."

மறுநாள் அவன் கையில் இளநீரோடு வீட்டுக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அதில் எத்தனை காம்பு கிள்ளவில்லை என்று தும்மலை வைத்தே சொல்லக்கூடியவள்.

"ஏத்தா அருளு, கதவுல என்ன வேப்பங்கொழை?"

"சும்மாதான்க்கா. அனல் காத்து."

"தெனம் எளனி வாங்கிட்டு வாராரே தம்பி?"

"சும்மாதான்க்கா."

"உள்ள கட்டில்ல யாரு?"

"யாருமில்லக்கா."

"யாருமில்லாத கட்டிலுக்கா ஈரவேட்டி போத்தியிருக்கு?"

அருள்ராணி கணவனைப் பார்த்தாள். மரியசூசை ஆபீசரின் உத்தரவை நினைத்து இளநீரைப் பார்த்தான்.

கண்ணாத்தாளின் முகம் மாறியது. இரண்டடி பின்னால் போனாள். கைகூப்பி வேப்பங்குழையைக் கும்பிட்டாள்.

"நான் ஒண்ணும் கேக்கலடியாத்தா. கேக்கப்படாது. வேதக்காரங்க வீடுன்னு பாக்காம வந்து எறங்கியிருக்கா. குளுந்து போகட்டும். வீட்டுல எதையும் தாளிச்சுப்புடாத."

அவள் யாரிடமும் அம்மை என்ற சொல்லைச் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடாது. ஆனால் அன்று மாலை அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை.

விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சட்டி கேப்பைக் கூழும் உரித்த சின்ன வெங்காயமும் இருந்தன. பால்காரி தெருமுனையோடு திரும்பிப் போனாள். கோயில் உபதேசியார் வந்து, வேலிக்கு வெளியே நின்று, புனித செபஸ்தியாரை நோக்கி ஒரு செபத்தை உரக்கச் சொல்லிவிட்டு, முடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். கொள்ளைநோயிலிருந்து காப்பவர் செபஸ்தியார். உபதேசியாரை வேகமாக நடக்க வைத்ததும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"வெளிய போயி இது செடின்னு சொல்லிருங்க" என்றாள் அருள்ராணி.

"சொன்னா ஆபீசர் என்னைத் தொலைச்சிருவாரு. ரெண்டு நாள்ல தன்னால அடங்கிரும்."

அடங்கவில்லை. பஸ்ஸில் ஏறிய மரியசூசையைக் கண்டக்டர் படியிலேயே மறித்தான்.

"சார், எறங்கிக்குங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

"எனக்கு ஒண்ணுமில்லப்பா."

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க."

நடந்தே போனான். ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அடைக்கலம் கேட்டுக்கு உள்ளே, நல்ல தூரத்தில் நின்றுகொண்டு கத்தினார்.

"அங்கிட்டே நில்லுங்க சார்! ஒங்களுக்கு முந்தியே சேதி பஸ்ஸுல வந்துருச்சு. அம்மை வீட்டுக்காரங்க மூணு வாரம் ஆபீசுக்கு வரப்படாது."

"டெம்பரவரிக்கு மூணு வாரம் லீவு ஏது அண்ணே?"

"இல்லதான். பேரை எடுத்துருவாங்க. அப்புறம் எடம் இருந்தாப் பாப்பாங்க."

இடத்துக்காக மரியசூசை செடியை வாங்கினான். செடி இடத்தையே தின்றுகொண்டிருந்தது.

"இதுக்கு வழி?"

"சுகாதார இன்ஸ்பெக்டரு வந்து பாத்து, இல்லைன்னு சொல்லிட்டாருன்னா மறுநாளே வரலாம்."

அங்கிருந்து நேராகச் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போய், "எங்க வீட்ல அம்மை இல்லைங்க. வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான்.

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அம்மையை மறைக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அம்மை இல்லை என்று சொல்வதற்காகவே வெயிலில் நடந்து வந்தவனை இப்போதுதான் பார்க்கிறார்.

"அப்ப நெறய இருக்கும்போல" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருவுக்குள் நுழைந்ததும் ஆண்கள் கண்மாய்க் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் அனுபவசாலி, கருவேலங்காட்டின் மறுபக்கத்தில் முன்னதாகவே இரண்டு பேரை நிறுத்தியிருந்தார். தெரு முழுவதும் பிடித்துப் பிடித்து அம்மை குத்தினார்கள். கண்ணாத்தாளுக்குக் குத்தியபோது அவள் போட்ட கூச்சலில் கட்டியிருந்த மாடு ஒன்று முளைக்குச்சியோடு ஓடிப்போனது.

கடைசியாக இன்ஸ்பெக்டர் மரியசூசையின் வீட்டுக்குள் வந்தார்.

"பேஷண்ட்டைக் காட்டுங்க."

மரியசூசை கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வெளியில சொல்லப்படாதுங்க."

இன்ஸ்பெக்டர் ஈரவேட்டியை மெல்ல விலக்கினார். உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

"எங்கய்யா ஆளு?"

"இதுதாங்க."

"இதுன்னா?"

"கொடைக்கானல்லேருந்து வந்திருக்குங்க. சூடு தாங்காது."

இன்ஸ்பெக்டர் வேட்டியை உதறிக் கட்டில்மேல் எறிந்தார்.

"எனக்கும்தான்யா தாங்கல! இதுக்கா நான் ஒரு தெருவையே தொரத்திப் புடிச்சுக் குத்தினேன்? இதுக்கா ஒரு கெழவன் என் கையைக் கடிச்சான்?"

"தப்புங்கய்யா. அம்மை இல்லைன்னு மட்டும் ஆபீசுக்குச் சொல்லிருங்க."

"சொல்லித் தொலைக்கிறேன். ஆனா கேஸுன்னு வந்தாச்சு. மருந்து தெளிக்காம நான் இந்த வீட்டை விட்டுப் போனா என் வேலை போயிரும். எல்லாத்தையும் வெளியில எடுங்க!"

அறைக்குள் பிளீச்சிங் பவுடர் பறந்தது. மரியசூசை கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினான். அங்கே வெயில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மத்தியானத்தில் போய்விடும் என்று ஆபீசர் சொன்ன அதே மத்தியானம். இலைகள் கண்ணெதிரே துவண்டன.

"கெணத்துக்குள்ள எறக்குங்க!" என்று அருள்ராணி கத்தினாள். "உள்ள குளுகுளுன்னு இருக்கும். தண்ணியில படாம பாதியில நிறுத்திக்கலாம்."

வாளியை அவிழ்த்துவிட்டுக் கயிற்றில் கூடையைக் கட்டினான். உருளை கிரீச்சிட, கூடை இருட்டுக்குள் இறங்கியது. பாதிக் கிணறு போனதும் ஏதோ ஒன்றில் சிக்கியது. இழுத்தான். வரவில்லை. பலமாக இழுத்தான். கயிறு மட்டும் மேலே வந்தது.

கீழே 'சளக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அருள்ராணி சிலுவை போட்டுக்கொண்டாள். மரியசூசை கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"செடிதானங்க" என்றாள் அவள்.

"அது செடி இல்ல அருளு. என் வேலை."

வாசலில் இன்ஸ்பெக்டர், "இந்த வீட்டுல அம்மை இல்லை!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை.

காம்பிலிருந்து ஆபீசர் திரும்பிய அன்று, மரியசூசை அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அய்யா, அந்தச் செடி..."

"இருக்கா?"

"கெணத்துல விழுந்துருச்சுங்கய்யா."

ஆபீசர் எழுந்து நின்றார்.

"கிணத்துலயா?"

"ஆமாங்கய்யா."

"அந்த உப்புக் கிணறா?"

"அதேதாங்கய்யா."

"ஆழமோ?"

"ஒரு பனை ஆழம் இருக்குங்கய்யா."

ஆபீசர் மெல்ல உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பஸ் வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. திரும்பியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"அடைக்கலம், ரெண்டு காபி" என்றார் ஆபீசர். "உக்காருங்க மரியசூசை."

அந்த நாற்காலியில் எந்த டெம்பரவரி குமாஸ்தாவும் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. நுனியில் உட்கார்ந்தான்.

"மனசை விட்றாதீங்க" என்றார் ஆபீசர் மிக மென்மையாக. "அம்மா மாசக் கடைசியில வராங்க. நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். அதுக்கப்புறம் ஒங்க விஷயத்தை முடிச்சிருவோம்."

வீட்டுக்கு வந்ததும் அருள்ராணி கேட்டாள். "திட்டினாரா?"

"இல்ல. காபி குடுத்தாரு."

"காபியா?" அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். "அப்ப வேலை போச்சு."

அதன்பிறகு மரியசூசை தினமும் ஆபீசுக்குப் போய்வந்தான். தினமும் ஆபீசர் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார். இத்தனை வருஷத்தில் யாரையும் பார்த்துப் புன்னகைக்காத மனிதர். ஆட்டுக்கு மாலை போட்டு மஞ்சள் தெளித்த பிறகு அதனிடம் எல்லோரும் பிரியமாகத்தான் இருப்பார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். மாசக் கடைசி நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு செல்லவில்லை. நடுவில் இரண்டு கோடை மழை பெய்து ஊர் குளிர்ந்தது. அவனுக்கு மட்டும் வேர்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மாட்டுக்குத் தண்ணீர் இறைக்க வந்த கண்ணாத்தாள் கிணற்றை விட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"தம்பி! ஒங்க கெணத்துக்குள்ள பூ மணக்குது!"

"கெணத்துக்குள்ளயா?"

"எட்டிப் பாத்தேன். உள்ள வெள்ளையா என்னமோ தொங்குது. நான் அன்னிக்கே சொன்னேன்ல, அவ போகல! அந்த இன்ஸ்பெக்டரு பொய் சொல்லிட்டான்! கெணத்துல போயிக் குடியிருக்கா!"

அதற்குள் தெருவே கிணற்றடிக்கு வந்துவிட்டது. மரியசூசை எட்டிப் பார்த்தான். இருட்டு. பாதி ஆழத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லின்மேல், வெள்ளையாக ஏதோ அசைந்தது. அன்று 'சளக்' என்று விழுந்தது கூடை இல்லை, கல் பெயர்ந்து விழுந்த சத்தம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வடக்கயிறு இருக்கா?" என்றான்.

"ஒங்களுக்கு நீச்சல் தெரியாதுங்க!" என்று அருள்ராணி அலறினாள்.

"நாளைக்கு அந்த அம்மா வந்துரும். அப்புறம் நீச்சல் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார்கள். அம்மை குத்திய புண் இன்னும் ஆறாத கைகள் பத்துப் பன்னிரண்டு அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தன. இந்த ஆளை விட்டுவிட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அவற்றில் சில நினைத்திருக்கலாம். விடவில்லை.

உள்ளே போகப்போக வெயில் மேலே ஒரு வட்டமாகச் சுருங்கியது. குளிர்ந்தது. மேலே இருந்த கூச்சல் நின்று, ஈரக்கல்லில் நீர் கசியும் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே தன்னை யாரும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்று மரியசூசைக்குத் தோன்றியது. பிறந்ததிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே நிரந்தரமான இடம்போல இருந்தது அது.

படிக்கல்லில் கூடை சாய்ந்து நின்றது. அடியிலிருந்த உருண்டைகள் பெருத்திருந்தன. இலைகளுக்கு நடுவிலிருந்து தண்டுகள் வளைந்து தொங்கின. தண்டு நெடுக வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றின் தொண்டையிலும் மஞ்சளாக ஒரு தீற்றல். பார்த்தபடியே அவன் தொங்கிக்கொண்டிருந்தான்.

மேலிருந்து கண்ணாத்தாளின் குரல் வந்தது. "தம்பீ! உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கு! இருக்கு! பூத்திருக்கு!"

மேலே கயிறு ஒரு குலுங்கு குலுங்கியது.

"அருளு, புருஷனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுடி" என்றாள் கண்ணாத்தாள். "மேல தூக்குங்கப்பா!"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், அன்று அவனை இறக்கிவிட்ட அதே கண்டக்டர், பூவைப் பார்த்துவிட்டு ஜன்னலோரத்து ஆளை எழுப்பி அவனுக்கு இடம் கொடுத்தான். அந்த அம்மா வருவதற்குள் ஆபீசர் கையில் இதை ரகசியமாகச் சேர்த்துவிட வேண்டும். அவர் முகம் மலரும். முடிக்கவிருந்த விஷயத்தை முடிக்காமல் விட்டுவிடுவார். பஸ்ஸின் குலுக்கலில் பூக்கள் ஆடிக்கொண்டே அதை ஆமோதித்தன.

ஆபீசர் வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தது ஆபீசரம்மா.

மரியசூசை கூடையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். அவள் கண் வீங்கியிருந்தது. கூடையையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கூடையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னங்க! என்னங்க! இங்க வாங்களேன்! நம்ம செடி!"

ஆபீசர் உள்ளறையிலிருந்து வந்தார். தலை கலைந்திருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. பூவைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"கிணத்துல விழுந்து அழுகிப்போச்சுன்னு நேத்து சாயங்காலம் நான் வந்ததும் சொன்னாரு" என்றாள் அம்மா மரியசூசையிடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எனக்கு உசிரே போயிருச்சு. அவருக்கு என்னைவிடத் துக்கம். ஒரு வார்த்தை பேசலை. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்தவர் இப்பத்தான் எழுந்திரிக்கிறார். ரெண்டு வருஷமா இதுக்கு அவர் எவ்வளவு செஞ்சிருக்கார் தெரியுமா? வீட்டுலயே குளுந்த ரூம் அவரோடது. அதை இதுக்கு விட்டுக் குடுத்தார். இருக்கிறது ஒரே ஃபேன். அதையும் இதுக்கு வச்சிட்டு மொட்டை மாடியில போய்ப் படுத்துக்கிட்டார். எந்த ஆம்பளை செய்வார்?"

ஆபீசர் மரியசூசையைப் பார்த்தார். நீண்ட பார்வை. சந்தோஷம் தாங்காத மனிதர்களைப் பற்றி மரியசூசை கேள்விப்பட்டிருக்கிறான். இன்றுதான் நேரில் பார்க்கிறான். பிறகு ஆபீசர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

"அண்ணன்கிட்டச் சொல்லி இன்னும் ஒரு டஜன் அனுப்பச் சொல்றேன்" என்றாள் அம்மா. "இந்த ஊர்லயும் பூக்கும்னு இந்தத் தம்பி காட்டிட்டாரே! அடைக்கலம், அய்யா கட்டிலை மாடிக்கு ஏத்து. ஃபேனை இங்கிட்டுத் திருப்பி வை."

வராந்தாவில் மரியசூசை காத்திருந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது. அடைக்கலம் கட்டிலின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அய்யாவுக்குச் சந்தோஷத்துல பேச்சே வரல, பாத்தீங்களா?" என்றான் மரியசூசை. "என் பெர்மனென்ட் விஷயத்தை இப்பவே கேட்டுரட்டுமா?"

அடைக்கலம் கட்டிலைக் கீழே வைத்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கெணத்துல விழுந்துருச்சுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே, காபி டம்ளரை நான் எடுக்கிறதுக்குள்ள, ஒங்க பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டு வச்சிட்டாரு சார், இப்பத்தான் உள்ள ஒக்காந்து கிழிச்சுக்கிட்டு இருக்காரு."